நுரையீரலில் சத்தம், மிட்ரலில் சுருக்கம்: காசிமேட்டுக் கர்ப்பிணி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

நோயாளி: வயது 26. வடசென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய குடியிருப்பு. வேலை இறால் உரிப்பது. இரண்டாவது கர்ப்பம், 23-ஆம் வாரம். உயரம் 150 செ.மீ., எடை 46 கிலோ. பல நோயாளிகளிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் விவரங்களைச் சேர்த்துக் கற்பிப்பதற்காக அமைத்த நிகழ்வு இது. தனி ஒருவரைக் குறிப்பதல்ல.

ஐந்து வாரமாக இரவில் இருமல். பகலில் மாடிப்படி ஏறினால் மேல்மூச்சு வாங்குகிறது. வீட்டில் அதற்கு வைத்த பெயர் இழுப்பு. பக்கத்துக் கிளினிக்கில் மூன்று முறை, ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் சால்பியூட்டமால் மருந்தை நெபுலைசரில் வைத்திருக்கிறார்கள். இரண்டு முறை தியோஃபிலின் வகை ஊசியும் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேவலை என்று வீடு திரும்பியவர், கடைசி முறை நெபுலைசர் முடிந்த அரை மணி நேரத்தில் படபடப்பும் மூச்சுமுட்டலும் கூடி, நுரை நுரையாக இளஞ்சிவப்புச் சளி துப்பிய நிலையில் ஆட்டோவில் ஒரு பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்தார்.

வந்தபோது இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 138, இரத்த அழுத்தம் 96/60, மூச்சு நிமிடத்துக்கு 36, ஆக்சிஜன் செறிவு 84 சதவீதம். இரு நுரையீரல்களிலும் அடியிலிருந்து நடுப்பகுதி வரை நொறுநொறுவென்ற ஈரச் சத்தம், அதற்கு மேல் பரவலான வீசிங். காய்ச்சல் இல்லை. ஹீமோகுளோபின் 8.2.

நோயைப் பிடித்துக் கொடுத்தது ஸ்டெதஸ்கோப் அல்ல, செவிலியர் கேட்ட ஒரு கேள்வி.

“எத்தினி தலகாணி வெச்சும்மா படுக்கிற?”

“மூணு, சிஸ்டர். கீழ படுத்தா இருமல் வந்துடுது. எழுந்து குந்திக்கினா சரியாப் பூடும்.”

ஆஸ்துமாக்காரருக்கும் இரவில் இருமல் வரும். ஆனால் படுத்த சில நிமிடங்களில் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்ததும் மருந்தில்லாமலே தணிகிறது என்றால் இதயத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். படுக்கும்போது காலிலும் வயிற்றிலும் தேங்கியிருந்த இரத்தம் மார்புக்குத் திரும்புகிறது. அதை முன்னே அனுப்ப முடியாத இதயம் நுரையீரலில் தேக்கிவிடுகிறது. இந்தப் பெண்ணுக்குச் சிறுவயதில் இழுப்பு வந்ததே இல்லை. குடும்பத்திலும் எவருக்கும் இல்லை. இருபத்தாறு வயதில், அதுவும் கர்ப்ப காலத்தில் முதல்முறையாக வரும் வீசிங்கை ஆஸ்துமா என்று எழுதுமுன் இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, இதய நுனியில் ஸ்டெதஸ்கோப்பின் மணிப்பக்கத்தை லேசாக வைத்துக் கேட்டாக வேண்டும். அழுத்தி வைத்தால் தோல் இறுகி, தாழ்ந்த சுருதி ஒலி காதில் விழாது.

மூச்சு சற்று அடங்கிய பிறகு அப்படிக் கேட்டபோது முதல் இதய ஒலி ஓங்கி ஒலித்தது. இரண்டாம் ஒலியை ஒட்டி வால்வு திறக்கும் ‘டக்’. அதைத் தொடர்ந்து உருளும் தாழ்ந்த முணுமுணுப்பு. இதயத்தின் இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவிலுள்ள மிட்ரல் வால்வின் சுருக்கம். இரண்டாம் ஒலிக்கும் அந்த ‘டக்’குக்கும் இடைவெளி எவ்வளவு குறைவோ, சுருக்கம் அவ்வளவு கடுமை. இவருக்கு அந்த இடைவெளி மிகக் குறைவு.

வழியைப் பின்னோக்கிப் படித்தால்

பள்ளிப் பாடத்தில் இரத்த ஓட்டத்தை முன்னோக்கிச் சொல்லித் தருவார்கள். உடலிலிருந்து மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை வழியாக வலது மேலறை, மூவிதழ் வால்வைக் கடந்து வலது கீழறை, அங்கிருந்து நுரையீரல் தமனி, நுரையீரலின் நுண்குழாய்களில் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு, பொதுவாக நான்காக வரும் நுரையீரல் சிரைகள் வழியாக இடது மேலறை, மிட்ரல் எனும் ஈரிதழ் வால்வு, இடது கீழறை, பெருந்தமனி வால்வு, பெருந்தமனி, மறுபடி உடல். ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர். வலப்பக்கம் அனுப்பும் அளவைத்தான் இடப்பக்கமும் அனுப்பியாக வேண்டும், ஏனென்றால் இரண்டும் ஒரே வளையத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பம்புகள்.

வால்வு நோயைப் புரிந்துகொள்ள இதே வழியைப் பின்னோக்கிப் படிக்க வேண்டும். அடைப்பு எங்கே இருக்கிறதோ அங்கே நோயாளிக்கு எதுவும் தெரியாது. தொல்லை அதற்கு முந்தைய இடத்தில்தான் தெரியும். மிட்ரல் வால்வுக்கு முந்தையது இடது மேலறை. அதற்கு முந்தையவை நுரையீரல் சிரைகள். காலின் சிரைகளில் இருப்பதுபோல இவற்றில் வால்வுகள் இல்லை. மேலறையில் அழுத்தம் ஏறினால் தடுக்க எதுவுமின்றி அந்த அழுத்தம் நேராக நுரையீரல் நுண்குழாய்கள் வரை போய்விடுகிறது. மூச்சுக்குழாய்ச் சுவரிலிருந்து வரும் சிரைகளில் ஒரு பகுதியும் நுரையீரல் சிரைகளில்தான் வடிகிறது. அவையும் தேங்க, மூச்சுக்குழாயின் உட்சவ்வு வீங்கி வழி குறுகுகிறது. வீசிங் சத்தம் வருவது அங்கிருந்துதான். சத்தம் பொய்யில்லை, காரணம்தான் ஒரு அறை தள்ளி இருக்கிறது.

இயல்பான அழுத்தங்களை மனத்தில் வைத்திருப்பது நல்லது. வலது மேலறையில் 0 முதல் 6 மி.மீ. பாதரசம், வலது கீழறையில் உச்சம் சுமார் 25, நுரையீரல் தமனியில் 25/10, இடது மேலறையில் 6 முதல் 12, இடது கீழறையில் உச்சம் 120. இடது மேலறையின் சராசரி அழுத்தம் 25-ஐத் தாண்டினால் நுண்குழாயிலிருந்து நீர் காற்றறைகளுக்குள் கசியத் தொடங்கும், ஏனென்றால் இரத்தப் புரதங்கள் நீரை உள்ளே இழுத்துப் பிடிக்கும் விசையும் ஏறக்குறைய அவ்வளவுதான். கர்ப்பத்தில் ஆல்புமின் குறைவதால் அந்த வரம்பு இன்னும் தாழ்கிறது.

பாடப்படங்களைப் பற்றி ஒரு குறை. வலது, இடது என்று பக்கவாட்டில் பிரித்து வரைந்தே பழகிவிட்டோம். உண்மையில் மார்பெலும்புக்கு நேர் பின்னால் முன்வரிசையில் இருப்பது வலது கீழறை. இடது மேலறை எல்லாவற்றுக்கும் பின்னால், உணவுக்குழாயைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அது பெருத்தால் சிலருக்கு விழுங்கச் சிரமம் வருவதும், உணவுக்குழாய் வழியாக எக்கோ எனும் ஒலியலைப் படம் எடுத்தால் அந்த அறை அவ்வளவு தெளிவாகத் தெரிவதும் இதனால்தான். சுருங்கிய வால்வைப் பிளந்து விரிக்கும் பலூன் சிகிச்சையில் ஊசியை எந்தத் திசையில் திருப்புவது என்பதும் இந்த முன்பின் அறிவைத்தான் நம்பியிருக்கிறது.

துடிப்பு ஏறினால் ஏன் மூழ்குகிறார்

மிட்ரல் வால்வு திறந்திருப்பது கீழறை தளர்ந்திருக்கும் நேரத்தில் மட்டும். இதயம் வேகமாகத் துடிக்கும்போது சுருங்கும் நேரம் கொஞ்சம்தான் குறைகிறது. தளரும் நேரமே பெரிதும் வெட்டுப்படுகிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுக வாயிலுக்காகக் கன்டெய்னர் லாரிகள் திருவொற்றியூர் வரை வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்: வாயிலின் அகலம் மட்டுமல்ல, ஒரு நாளில் அது எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது என்பதும் வரிசையின் நீளத்தைத் தீர்மானிக்கிறது.

கணக்காகவே பார்க்கலாம். துடிப்பு 70 என்றால் ஒரு சுற்று 0.86 வினாடி, அதில் தளர்நேரம் சுமார் 0.52. ஒரு நிமிடத்தில் வால்வு திறந்திருப்பது ஏறக்குறைய 36 வினாடி. துடிப்பு 130 ஆனால் ஒரு சுற்று 0.46 வினாடி, தளர்நேரம் சுமார் 0.2, நிமிடத்துக்கு 26 வினாடி. அதே 5 லிட்டரை 36 வினாடிக்குப் பதில் 26 வினாடியில் தள்ளியாக வேண்டும். ஓட்டவேகம் வினாடிக்கு 137 மி.லி.யிலிருந்து 192 மி.லி.க்கு ஏறுகிறது.

இங்கே கோர்லின் சமன்பாடு வருகிறது. வால்வின் இருபுற அழுத்த வேறுபாடு, ஓட்டவேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். ஓட்டவேகத்தை 37.7 × வால்வுப் பரப்பால் வகுத்து, அதை இருமடி ஆக்க வேண்டும். பரப்பு 1 சதுர செ.மீ. என்று வைத்தால், துடிப்பு 70-இல் வேறுபாடு 13 மி.மீ.; 130-இல் 26. கீழறையின் தளர்நிலை அழுத்தமாக ஒரு 5-ஐக் கூட்டினால் மேலறை அழுத்தம் 18-லிருந்து 31-க்குப் போகிறது. வால்வு மாறவில்லை, இரத்தத்தின் அளவும் மாறவில்லை. துடிப்பு ஒன்று ஏறியதிலேயே 25 என்ற கோட்டைத் தாண்டியாயிற்று.

இதன்மேல் கர்ப்பத்தைச் சேர்த்துப் பாருங்கள். இரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் கூடும், இதயம் வெளியேற்றும் அளவு 30 முதல் 50 சதவீதம் கூடும், துடிப்பும் நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை ஏறும். இந்த ஏற்றத்தின் பெரும்பகுதி 24-ஆம் வாரத்துக்குள் வந்துவிடுகிறது. இரத்தசோகை இருந்தால் அதே ஆக்சிஜனைக் கொண்டுசேர்க்க இன்னும் வேகமாக ஓடவேண்டும். முதல் பிரசவத்தைத் தாக்குப்பிடித்த வால்வு இரண்டாவதில் கைவிடுவதற்கு இடைப்பட்ட ஆண்டுகளில் கூடிய சுருக்கமும் சேர்ந்த காரணம்.

இனி சால்பியூட்டமால். மூச்சுக்குழாயைத் தளர்த்தும் அந்த மருந்து இதயத்தையும் தூண்டும், தியோஃபிலினும் அப்படியே. அப்படியானால் முதல் இரண்டு முறை ஏன் தேவலையாக இருந்தது? நெபுலைசர் ஆக்சிஜனில் ஓடியிருந்தால் அந்த ஆக்சிஜனே ஆசுவாசம் தரும். தேக்கத்தால் அனிச்சையாக இறுகிய மூச்சுக்குழாய் சற்றுத் தளரவும் செய்யும். பத்து நிமிடம் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார வைத்ததும் ஒரு சிகிச்சைதான். இரத்தம் காலுக்கு இறங்கி மார்பின் சுமை குறைகிறது. இப்படிக் கிடைத்த அரைகுறை நிவாரணம்தான் ஆஸ்துமா என்ற முடிவை உறுதிப்படுத்திவிட்டது. நோய் கண்டறிவதில் இதைவிட ஏமாற்றும் பொறி குறைவு.

முதல் இரண்டு மணி நேரம்

நிமிர்த்தி உட்கார வைத்து, வயிறு பெருஞ்சிரையை அழுத்தாதபடி சற்று இடப்பக்கம் சாய்த்தார்கள். முகமூடி வழியாக ஆக்சிஜன். சால்பியூட்டமால் நிறுத்தம். தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃபுரோசமைடு 40 மி.கி. சிரை வழியே. சிறுநீர்க் குழாய் வைத்து மணிக்கொரு முறை அளவு. இத்துடன் படுக்கையருகே ஐந்து நிமிட எக்கோ: இடது கீழறை நன்றாகச் சுருங்குகிறது, மிட்ரல் வால்வு திறக்கவில்லை, மேலறை பெருத்திருக்கிறது. இந்த மூன்றும் தெரிந்த பிறகே அடுத்த மருந்து.

அந்த அடுத்த மருந்து மெட்டோபுரோலால். நுரையீரலில் நீர் கோத்தவருக்குத் துடிப்பைக் குறைக்கும் மருந்தா என்று கை தயங்கும். இடது கீழறை பலவீனமாக இருந்து நீர் கோத்திருந்தால் அந்தத் தயக்கம் சரி. அங்கே இது ஆபத்து. இங்கே பம்ப் நன்றாக இருக்கிறது, அது நிறைவதற்கு நேரம்தான் இல்லை. மானிட்டரில் பார்த்தபடி 2.5 மி.கி. மெதுவாகச் சிரை வழியே, சில நிமிடம் பொறுத்து இன்னொரு 2.5. துடிப்பு 138-லிருந்து 104-க்கு இறங்கியது. இரத்த அழுத்தம் குறையவில்லை. 104/66 என்று ஏறியது. தளர்நேரம் நீண்டு கீழறை நிறைந்ததே காரணம். இரண்டு மணி நேரத்தில் சிறுநீர் 1,100 மி.லி., ஆக்சிஜன் செறிவு 95 சதவீதம், வீசிங் தானாக மறைந்தது.

இந்தக் கட்டத்தில் வழக்கமாகக் கெடுவது எது? முதலாவது டிரிப்ஸ். அழுத்தம் 96 என்றதும் ஒரு பாட்டில் சலைன் ஏற்றும் பழக்கம் நம் ஊரில் வேரூன்றியது. இங்கே அந்த அரை லிட்டர் நேராக நுரையீரலில்தான் போய் நிற்கும். இரண்டாவது இரத்தம் ஏற்றுவது. ஹீமோகுளோபின் 8.2 என்பது சரிசெய்ய வேண்டியதுதான், ஆனால் அன்றிரவு அல்ல. இவருக்குத் தேவைப்பட்ட இரும்புச்சத்தை எடை 46, இலக்கு 11 என்று வைத்துக் கணக்கிட்டால் சுமார் 800 மி.கி.; நிலைமை அடங்கிய பிறகு அயர்ன் சுக்ரோஸ் 200 மி.கி. வீதம் ஒருநாள் விட்டு ஒருநாள் நான்கு தவணையில் கொடுக்கப்பட்டது. மூன்றாவது, அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும் மருந்துகளைத் தாராளமாகக் கொடுப்பது. நிலையான குறுகிய துவாரத்துக்குப் பின்னால் இருக்கும் கீழறையால் அந்த இறக்கத்தை ஈடுகட்ட முடியாது. ஒழுங்கற்ற துடிப்பின் வேகத்தை அடக்கும் டிகாக்சினுக்கும் இங்கே வேலையில்லை. துடிப்பு சீரான லயத்தில் இருந்தது.

அளவுகள்

மறுநாள் முழு எக்கோவில் வால்வுப் பரப்பு 0.9 சதுர செ.மீ. இயல்பு 4 முதல் 6; 1.5-க்குக் கீழ் இருந்தாலே கடுமையானது என்று கணக்கு. அழுத்தம் பாதியாகக் குறையும் நேரம் 244 மில்லிவினாடி. 220-ஐ அதனால் வகுத்தாலும் 0.9 வருகிறது. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்ததால் நம்பலாம். துடிப்பு 104-இல் சராசரி அழுத்த வேறுபாடு 21. எக்கோ அறிக்கையில் வேறுபாட்டை எழுதி அப்போதைய துடிப்பை எழுதாமல் விட்டால் அந்த எண்ணால் பயனில்லை. மேலே பார்த்த கணக்கே அதற்குச் சாட்சி.

மூவிதழ் வால்வில் பின்னோக்கிக் கசியும் இரத்தத்தின் வேகம் வினாடிக்கு 3.8 மீட்டர். வேகத்தின் இருமடியை 4-ஆல் பெருக்கினால் 58. வலது மேலறை அழுத்தம் 10-ஐக் கூட்டினால் நுரையீரல் தமனியின் உச்ச அழுத்தம் 68. வலது கீழறை 25-க்குப் பழகிய மெல்லிய சுவர். அதன் தடிமன் 3 முதல் 5 மி.மீ., இடது கீழறையின் பாதிகூட இல்லை. 68-க்கு எதிராக மாதக்கணக்கில் தள்ளினால் அது பெருத்து, கழுத்துச் சிரை புடைத்து, ஈரல் வீங்கி, கால் வீங்கும். கர்ப்பிணிக்குக் கால் வீங்குவது சகஜம் என்று இந்த அறிகுறியும் கவனிப்பாரின்றிப் போவது வாடிக்கை.

சிலருக்கு வால்வு இதே அளவு சுருங்கியும் நீர் கோக்காது. நுரையீரலின் சிறு தமனிகள் இறுகி, நுண்குழாய்களுக்கு வரும் ஓட்டத்தைக் குறைத்து அவற்றைக் காப்பாற்றிவிடும். விலையைக் கொடுப்பது வலது கீழறை. அப்படிப்பட்டவர் மூச்சுத்திணறலைவிடச் சோர்வையும் கால் வீக்கத்தையும் சொல்லிக்கொண்டுதான் வருவார்.

வால்வு எங்கே கெட்டது

பதினோரு வயதில் காய்ச்சலோடு முட்டி வீங்கி, அது தணிந்ததும் கணுக்கால் வீங்கியது என்று அம்மா நினைவுகூர்ந்தார். வலி மாத்திரை கொடுத்ததில் சரியாகிவிட்டதாம். அதுதான் ருமாட்டிக் காய்ச்சல். ஏ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டைப்புண்ணுக்குப் பிறகு, பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள், கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பு இதய வால்வையே தாக்குகிறது. மூட்டுவலி தடயமின்றிப் போய்விடும். வால்வில் விழுந்த தழும்பு போகாது. காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு போன்ற நெருக்கமான பகுதிகளில் பத்துக்குப் பத்து அறையில் ஐந்தாறு பேர் படுத்துறங்கும்போது தொண்டைக் கிருமி ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போவது எளிது. தொண்டைப்புண் தொடங்கி 9 நாட்களுக்குள் பெனிசிலின் போய்ச் சேர்ந்தால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம்.

மிட்ரல் வால்வில் இரண்டு இதழ்கள். முன்னிதழ் அகலமானது, பின்னிதழ் உயரம் குறைந்து, வளையத்தின் மூன்றில் இரண்டு பங்கைச் சுற்றி நிற்கும். இரண்டும் சந்திக்கும் இரு ஓரங்கள்தான் இணைவிளிம்புகள். இதழ்களின் நுனியிலிருந்து நாண்கள் இறங்கி, கீழறையின் இரண்டு தசைத்தூண்களில் முடிகின்றன. ருமாட்டிக் நோய் இணைவிளிம்புகளை ஒட்டவைக்கிறது, இதழை தடிக்கச் செய்கிறது, நாண்களைக் குட்டையாக்குகிறது. ஒட்டுதல்தான் முதன்மைக் கோளாறு என்றால் பலூனால் பிளந்துவிடலாம். நாண்கள் உருகிச் சேர்ந்திருந்தாலோ சுண்ணாம்பு படிந்திருந்தாலோ பலூன் இதழைக் கிழித்துவிடும். அதை முன்கூட்டி அளப்பதற்குத்தான் வில்கின்ஸ் மதிப்பெண்: இதழின் அசைவு, தடிப்பு, சுண்ணாம்பு, நாண்களின் நிலை, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4. மொத்தம் 8 அல்லது குறைவு என்றால் பலூனுக்கு ஏற்றது. இவருக்கு 2, 2, 1, 2, ஆக 7.

மெட்டோபுரோலால் 25 மி.கி. நாளுக்கு இருமுறை, பிறகு 50 மி.கி.; ஃபுரோசமைடு 20 மி.கி. மெட்டோபுரோலால் வகையைச் சேர்ந்த அட்டெனலால் வேண்டாம் என்பதற்குக் காரணம் கருவின் வளர்ச்சியை அது குறைக்கக்கூடும். மருந்துகளோடு துடிப்பு 80-க்குள் வந்த பிறகும் கழிவறைக்கு நடந்தாலே மூச்சு வாங்கியது. வெளியேற்றும் அளவின் உச்சம் இனிமேல்தான் வரவேண்டும், பிரசவம் அதற்கும் மேல். 25-ஆம் வாரத்தில் பலூன் என்று முடிவாயிற்று. 20-ஆம் வாரத்துக்குப் பிறகு செய்வது குழந்தைக்கு ஒப்பீட்டளவில் பாதுகாப்பு. உறுப்புகள் உருவாகும் காலம் அப்போது கடந்திருக்கும்.

பலூன் போகும் பாதை

கான்ஜி இனோவே என்ற ஜப்பானிய அறுவை மருத்துவர் 1982-இல் முதலில் செய்த முறை இது. இரத்தம் போகும் பாதையில் பாதி தூரம் போய், பிறகு ஒரு சுவரைத் துளைத்துக் குறுக்குவழி பிடிக்கிறது.

முன்னதாக உணவுக்குழாய் வழி எக்கோ. மேலறையிலும், குறிப்பாக அதன் காதுமடல் போன்ற பையிலும் இரத்தக்கட்டி இல்லை என்று உறுதியான பிறகே மேசை. கட்டி இருக்கும்போது உள்ளே போனால் அது பெயர்ந்து மூளைக்குப் போகும். மேசையில் வலது இடுப்புக்கடியில் சாய்மானம் வைத்து, எக்ஸ்ரே கற்றையை மார்பளவுக்குச் சுருக்கி, வினாடிக்குப் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டார்கள். கருவுக்குக் கதிர் சேர்வது பெரும்பாலும் தாயின் உடலுக்குள்ளேயே சிதறி வருவதால். அதனால் வயிற்றில் போர்த்தும் ஈயக் கவசத்தைவிடக் கற்றையைச் சுருக்குவதும் நேரத்தைக் குறைப்பதும்தான் பலன் தரும்.

வலது தொடைச் சிரை, கீழ்ப்பெருஞ்சிரை, வலது மேலறை வழியாக ஒரு கம்பி மேற்பெருஞ்சிரை வரை போனது. அதன்மேல் முல்லின்ஸ் உறை எனும் நீண்ட குழாய், உள்ளே பிராக்கன்பரோ ஊசி. ஊசியின் முனையைக் கடிகாரத்தின் 4, 5 மணித் திசைக்கு வைத்து மெல்லக் கீழே இழுக்கும்போது திரையில் முனை இரண்டு முறை இடப்பக்கம் துள்ளும்: மேற்பெருஞ்சிரையிலிருந்து மேலறைக்குள் விழும்போது ஒன்று, மேலறைகளுக்கு இடையிலான சுவரின் குழிவில் விழும்போது இன்னொன்று. அந்தக் குழிவு பிறப்பதற்கு முன் திறந்திருந்த துளை மூடிய இடம். இந்தத் தாயின் வயிற்றுக் குழந்தைக்கு அதே நேரத்தில் அதே துளை வழியாகத்தான் நஞ்சுக்கொடியிலிருந்து வந்த இரத்தம் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் பாய்ந்துகொண்டிருந்தது.

துளைக்கும் கணம்தான் மிக ஆபத்தானது. முனை அதிகம் முன்பக்கம் திரும்பினால் பெருந்தமனியின் வேர். அதிகம் பின்னால் போனால் மேலறையின் வெளிச்சுவர். துளைத்தவுடன் அழுத்த அலையைப் பார்க்க வேண்டும். மேலறை அலை வந்தால் சரி. பெருந்தமனி அலை வந்தால் ஊசியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், உறையை உள்ளே தள்ளவே கூடாது. ஊசி போட்ட துளை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். உறை போட்ட துளை மூடாது. சரியான இடம் என்று உறுதியான பிறகே இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், கிலோவுக்கு 70 முதல் 100 யூனிட். அழுத்தம் திடீரென்று சரிந்து, துடிப்பு ஏறி, கழுத்துச் சிரை புடைத்தால் இதய உறைக்குள் இரத்தம் கசிகிறது என்று கொள்ள வேண்டும்: உடனே எக்கோ, ஊசி வைத்து வெளியேற்றம், ஒவ்வொரு 100 யூனிட் ஹெப்பாரினுக்கும் அதை முறிக்கும் புரோட்டமின் 1 மி.கி.

பலூனின் அளவு உயரத்திலிருந்து வருகிறது: செ.மீ.யில் உயரத்தைப் பத்தால் வகுத்து 10-ஐக் கூட்டினால் உச்ச விட்டம் மில்லிமீட்டரில். 150 செ.மீ. உயரத்துக்கு 25. முதல் முறை 23-இல் தொடங்கினார்கள். பலூன் வால்வைக் கடந்து கீழறைக்குள் போனதும் முன்பாதி மட்டும் ஊதப்படும். பின்னால் இழுத்து வால்வில் பொருந்திக்கொண்டதும் பின்பாதி ஊத, நடுவில் இடுப்புப்போல் ஒரு நெருக்கம் தெரியும். இன்னும் ஊதினால் அது சட்டென்று மறையும். அதுதான் ஒட்டிய விளிம்பு பிளந்த கணம். ஊதி இறக்க ஐந்து வினாடிக்கு மேல் ஆகக்கூடாது. அதுவரை இதயத்தின் இடப்பக்க வழி முழுதும் அடைபட்டிருக்கிறது. 23-இல் பரப்பு 1.4. கசிவு கூடவில்லை என்று எக்கோவில் பார்த்த பிறகு 24-இல் ஒரு முறை. பரப்பு 1.8. மேலறை அழுத்தம் 28-லிருந்து 11. உச்ச அளவான 25-க்குப் போகவில்லை, அது சரியான முடிவு. மிச்சமிருக்கும் சுருக்கத்தோடு ஆண்டுக்கணக்கில் வாழலாம். கிழிந்த இதழோடு கர்ப்பத்தில் அவசர அறுவைக்குப் போவது வேறு கதை. 1.8 பரப்பில் துடிப்பு 130 வந்தாலும் அதே 5 லிட்டருக்கு அழுத்த வேறுபாடு 8-தான்.

சுவரில் போட்ட துளையில் கொஞ்சம் இரத்தம் இடமிருந்து வலமாகக் கசியும். பெரும்பாலும் சில மாதங்களில் மூடிவிடும்.

பிரசவமும் பிறகும்

அன்றிரவே ஒரு தலையணையில் தூங்கினார். 38-ஆம் வாரம் தானாக வலி வந்தது. இடப்பக்கம் சாய்ந்த நிலை, முதுகில் எபிடூரல். வலி குறைந்தால் துடிப்பும் குறைகிறது. முக்கும் கட்டத்தை வேக்குவம் வைத்துச் சுருக்கினார்கள். சிசேரியன் வால்வுக்காகத் தேவைப்படவில்லை.

குழந்தை பிறந்த உடனே கருப்பை சுருங்கி 300 முதல் 500 மி.லி. இரத்தத்தைச் சுழற்சிக்குள் தள்ளும். அதுவரை அழுத்தப்பட்டிருந்த கீழ்ப்பெருஞ்சிரையும் விடுபடும். மிட்ரல் சுருக்கம் உள்ளவர்கள் வலி எடுக்கும்போதைவிட இந்த ஒரு மணி நேரத்தில்தான் அதிகம் மூழ்குகிறார்கள். அதனால் நுரையீரலின் அடிப்பகுதியில் ஸ்டெதஸ்கோப் வைத்தபடி கவனிப்பு, கையருகே ஃபுரோசமைடு, இரண்டு மூன்று நாள் வரை மானிட்டர். கருப்பையைச் சுருக்கும் ஆக்சிடோசின் மெதுவான சொட்டாக மட்டும். மொத்தமாகச் சிரையில் தள்ளினால் அழுத்தம் சரிந்து துடிப்பு பாயும். அதே வேலை செய்யும் மெத்தில் எர்கோமெட்ரின் கொடுக்கவில்லை, கார்போபுராஸ்டும் தவிர்க்கப்பட்டது. பின்னது நுரையீரல் தமனியின் அழுத்தத்தை ஏற்றும். இவற்றைப் பிரசவ அறைப் பலகையில் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். பழக்கத்தில் கை எர்கோமெட்ரினுக்குப் போவது அந்த அவசரத்தில் இயல்பு.

இனி பென்சத்தீன் பெனிசிலின் 12 லட்சம் யூனிட், 21 நாளுக்கு ஒரு முறை, 40 வயது வரை. கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் தடையில்லை. மருந்து நீரில் முழுதும் கரையாத கூழ். கலக்கிய உடனே, 21 அளவு ஊசியில், இடுப்பின் வெளிமேற்பக்கத்தில், நிறுத்தாமல் மெதுவாகப் போட வேண்டும். நடுவில் நின்றால் ஊசி அடைத்துக்கொள்ளும். படுக்க வைத்துப் போட்டு, அரை மணி நேரம் எழவிடாமல், அட்ரினலின் தயாராக. வால்வு மிகச் சுருங்கி மூச்சுத்திணறலோடு இருப்பவர்கள் இந்த ஊசியின் வலியில் அழுத்தம் சரிந்து ஆபத்துக்குள்ளாவதுண்டு. அதனால் இவருக்குப் பலூன் செய்யும் வரை தினமும் இருமுறை பெனிசிலின் மாத்திரையும், அதன்பிறகே ஊசியும்.

கருத்தடைக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை வேண்டாம். பெருத்த மேலறையில் இரத்தம் உறைய அது துணைபோகும். காப்பர்-டி பொருத்தப்பட்டது. எக்கோ ஆறாவது வாரம், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. இடையில் துடிப்பு ஒழுங்கற்று ஓடுவதாகத் தோன்றினால் அதே நாளில் ஈசிஜி. மேலறை நடுக்கம் தொடங்கியிருந்தால் வேகமும் கூடும், மேலறை கடைசியில் தரும் தள்ளலும் போய்விடும், கட்டியும் உருவாகும், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபாரினை, உறைதலை அளக்கும் ஐ.என்.ஆர். 2 முதல் 3-க்குள் வைத்துத் தொடங்க வேண்டிவரும். கையில் கொடுத்த அட்டையில் வால்வின் பெயர், பலூன் செய்த தேதி, பரப்பு, அடுத்த ஊசி நாள் ஆகியவற்றோடு சிவப்பு மையில் ஒரு வரி: வீசிங் என்று வந்தால் நெபுலைசர் வைக்குமுன் துடிப்பை எண்ணவும், எக்கோ எடுக்கவும்.